ஸ்வர்ணலதாவை நேரில் பார்க்காதவர்கள் அவருக்காக ஏன் கலங்குகிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: "என் அம்மாவுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. ஸ்வர்ணலதா பாட்டு ஒலித்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்பார். சில நாள் கண் கலங்கிவிடும். அவரை ஒரு கச்சேரியில்கூட அம்மா பார்த்ததில்லை. அவர் இறந்தும் பல வருடம் ஆகிவிட்டது. முன்பின் பார்க்காத ஒரு பாடகியிடம் இப்படி ஓர் ஒட்டுதல் எப்படி வருகிறது? அம்மாவுக்குப் பரிசாக அவர் பாட்டுகளை வரிசையாகப் போட்டுத் தரவும் ஆசை, என்ன செய்யலாம்?"

உங்கள் அம்மாவைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் தென் மாவட்டத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தவன் நான். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று மேடை ஏறிய அந்த நாட்களில் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஆண் குரல் பாட்டு வேண்டும் என்றால் "எஸ்.பி.பி. பாட்டு ஒண்ணு", "டி.எம்.எஸ். தத்துவப் பாட்டு" என்று பாடகர் பெயரைப் போட்டு எழுதுவார்கள். ஸ்வர்ணலதா பாட்டு கேட்பவர்களின் சீட்டில் அவர் பெயர் அநேகமாக இருக்காது. "சத்ரியன் படத்துல பானுப்ரியா பாட்டு", "சின்னத்தம்பி, குஷ்பு சோகப் பாட்டு" என்று இருக்கும். தமிழ்நாட்டில் பாதிப் பேர் அவர் பெயர் தெரியாமலேயே அவர் குரலோடு பத்து, பதினைந்து வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கான பதிலை நான் அங்கேதான் தேடுவேன்.

எஸ்.பி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 25 அன்று அவர் போனபோது வீட்டில் ஒரு பெரியவர் போனது போலத்தான் இருந்தது. ஆனால் அவரை எல்லோருக்கும் தெரியும். படங்களில் நடித்தார், தொலைக்காட்சிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்தார், மேடையில் ஜோக் அடித்தார், தன் தவறுகளைத் தானே சொல்லிச் சிரித்தார். அவரிடம் நமக்கு இருந்த அன்பில் பாதி பாட்டுக்கு, பாதி அந்த மனிதருக்கு. ஸ்வர்ணலதா விஷயத்தில் அந்த இரண்டாவது பாதியே கிடையாது. பேட்டிகள் மிகக் குறைவு. மேடையில் நின்றால் மைக்கைப் பிடித்துப் பாடிவிட்டு இறங்கிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பொதுவெளியில் அதிகம் தலைகாட்டவில்லை. 2010 செப்டம்பர் 12 அன்று நுரையீரல் நோயால் சென்னையில் காலமானபோது அவருக்கு வயது 37. செய்தியில் அவருடைய புகைப்படத்தைப் பார்த்து, "இவங்களா அந்தப் பாட்டெல்லாம் பாடினது?" என்று கேட்டவர்களை எனக்கே தெரியும்.

முகம் தெரியாத குரல் என்ன செய்யும்? கேட்பவர் வாழ்க்கையில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் அக்காவையே சொல்கிறேன். 'சின்னத்தம்பி' 1991-இல் வந்தது. அண்ணன்கள் பொத்திப் பொத்தி வளர்த்து, வீட்டை விட்டு வெளியே விடாத ஒரு பணக்காரப் பெண்ணின் கதை. 'போவோமா ஊர்கோலம்' அந்தப் பெண் கேட்கும் கேள்வியோடுதான் தொடங்கும். பெரியவள் ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டதால் அக்காவும் அப்போது வீட்டோடுதான் இருந்தாள். எங்கள் வீட்டில் பணம் இல்லை, அதிகாரம் செய்ய அண்ணன்களும் இல்லை. ஆனாலும் தெருமுனைக் கடைக்குப் போவதற்கே காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டு பக்கத்து வீட்டு டேப்ரெக்கார்டரில் ஓடும்போது அக்கா திண்ணை ஓரமாக வந்து நிற்பாள். அவள் குஷ்புவின் ரசிகை இல்லை, அந்தப் படத்தையே பல வருடம் கழித்துத் தொலைக்காட்சியில்தான் பார்த்தாள். கொஞ்சம் வெளியே போய்விட்டு வரலாமா என்று அவள் வாய்விட்டுக் கேட்காததை வேறொரு பெண் ராகம் போட்டுக் கேட்டாள், அவ்வளவுதான். இன்றைக்கும் அக்காவிடம் ஸ்வர்ணலதா என்று சொன்னால் 'கருத்தம்மா' ஞாபகம் வராது, திண்ணைதான் வரும்.

இதைத்தான் பொதுவாகச் சொல்ல வருகிறேன். பின்னணிப் பாட்டு என்பது முதலில் கதாநாயகிக்காகப் பாடப்படுவது. ஆனால் அது வாழ்வது திரையில் இல்லை. டவுன் பஸ்ஸில், டீக்கடையில், தையல் கடையில், ரேடியோவில் வாழ்கிறது. அங்கே நடிகை கிடையாது, கதை கிடையாது, குரல் மட்டும்தான். அந்தக் குரல் பேசும் 'நான்' யார் என்பதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். தெரிந்த முகமுள்ள பாடகர் என்றால் அந்த 'நான்' கொஞ்சம் பாடகரோடும் ஒட்டிக்கொள்ளும். ஸ்வர்ணலதாவின் முகம் குறுக்கே வரவே இல்லை.

அதற்காக முகம் தெரியாத எல்லோர் குரலும் இப்படி ஒட்டிக்கொள்வதில்லை. அந்தக் குரலிலும் விஷயம் இருந்தது. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் பிறந்து கர்நாடகத்தில் வளர்ந்தவர். அப்பா ஹார்மோனியம் வாசிப்பவர், பாடகர். 1987-இல் பதினான்கு வயதில் எம்.எஸ்.வி. இசையில் யேசுதாசோடு பாடியதுதான் முதல் திரைப்பாட்டு, 'நீதிக்குத் தண்டனை' படத்தில் பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே'. அதில் கேட்பது நன்றாகப் பழகிய ஒரு சிறுமியின் குரல். மூன்று வருடத்தில் 'சத்ரியன்' வருகிறது. இளையராஜா 'மாலையில் யாரோ' கொடுக்கிறார். அங்கேதான் நாம் இன்று ஸ்வர்ணலதா என்று சொல்லும் குரல் முழுதாக வெளியே வருகிறது.

இந்தப் பாட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வரிகளை எழுத்தாகப் படித்துப் பார்த்தால் அது சோகப் பாட்டே கிடையாது. மாலை நேரம், மார்கழி வாடை, மனதுக்குள் யாரோ வந்து பேசுவது போல ஒரு பெண்ணுக்குத் தோன்றுகிறது. காதல் அரும்பும் பாட்டு. ஆனால் பத்துப் பேரைக் கேளுங்கள், ஏழு பேர் "அது ஒரு மாதிரி அழவைக்கிற பாட்டு" என்பார்கள். அந்த ஏக்கத்தைக் கொண்டுவந்தது குரல். சந்தோஷத்தை முழுசாகக் கொட்டாமல் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு பாடுகிறார். உச்சத்துக்குப் போகும் இடத்திலும் குரலை விரித்துக் காட்டுவதில்லை, அடக்கியே பிடிக்கிறார். எங்கள் குழுவில் பாடிய பெண் நல்ல பாடகி. ஜானகி அம்மா, சித்ரா பாட்டுகளைச் சுத்தமாகப் பாடுவார், கைதட்டல் பறக்கும். இந்தப் பாட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே எடுப்பார். ஸ்வரம் தப்பாது. ஆனால் மேடையில் ஆயிரம் பேர் முன்னால் நிற்கும்போது குரல் தானாகப் பெரிசாகிவிடும். பெரிசானதும் பாட்டு வேறு பாட்டாகிவிடும். தனியாக இருப்பவள் யாருக்கும் கேட்காமல் பாடுவது போன்ற அந்தத் தன்மையை மேடையில் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். ஸ்டுடியோ மைக்கின் அருகாமையைப் புரிந்துகொண்டு பாடியவர் அவர். கேட்பவர் காதுக்கு மட்டும் சொல்கிறார் என்ற எண்ணம் அதனால்தான் வருகிறது.

'வள்ளி' படத்தின் 'என்னுள்ளே என்னுள்ளே' (1993) இன்னொரு உதாரணம். உடம்பின் ஆசையைப் பேசும் பாட்டு. வேறு யாராவது கொஞ்சம் குழைந்திருந்தால் வீட்டில் அப்பா இருக்கும்போது வால்யூமைக் குறைக்க வேண்டி வந்திருக்கும். அவர் பாடியதில் ஆசை அப்படியே இருக்கிறது, அசிங்கம் இல்லை. தொண்ணூறுகளில் பதினெட்டு வயதில் இருந்த ஒரு பெண்ணுக்கு இப்படியும் உணரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன குரல்கள் எத்தனை? உங்கள் அம்மாவிடம் இதை நேரடியாகக் கேட்டால் பதில் வராது, அதனால் கேட்க வேண்டாம்.

வயதுக் கணக்கும் இருக்கிறது. நினைவைப் பற்றி ஆராயும் உளவியலாளர்கள் பலர் சொல்வது: மனிதர்களுக்குப் பிற்காலத்தில் அதிகமாகவும் துல்லியமாகவும் ஞாபகம் வருவது பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவை. பாட்டுக்கும் அதே கதைதான். ஸ்வர்ணலதாவின் பெரிய பாட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே 1990-இல் இருந்து 2000-க்குள் வந்துவிட்டன. 'சத்ரியன்' முதல் 'அலைபாயுதே' வரை. ஐம்பதை நெருங்கும் உங்கள் அம்மா அந்த வருடங்களில் பள்ளி முடித்து, வேலைக்கோ கல்லூரிக்கோ போய், கல்யாணமும் ஆகி வேறு ஊருக்குப் போயிருப்பார். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எல்லாம் தலைகீழாக மாறும் அந்தப் பத்து வருடமும் ஒரே குரல் பின்னால் ஓடியிருக்கிறது.

அப்போது பாட்டு கேட்ட விதமும் வேறு. இன்று போல நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில் போட முடியாது. வானொலியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். விவித்பாரதியிலும், எங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் இலங்கை வானொலியிலும் பாடியவர் பெயர் சொல்லுவார்கள். அடுப்படியில் இருப்பவர்களுக்குப் பெயர் போய்ச் சேருமா, பாட்டுதான் போய்ச் சேரும். இல்லாவிட்டால் ரெக்கார்டிங் சென்டர். ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டுக்குமேல் பிடிக்காது. அந்தப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் யோசித்தவர்கள் உண்டு. எதை விடுவது, எதை 'பி' பக்கத்தில் முதலில் வைப்பது என்று சண்டையே நடக்கும். அப்படிப் பொறுக்கி எடுத்த பாட்டு கடைசியில் அவரவர் சொத்தாகிவிடும். பாடினவர், இசையமைத்தவர், எழுதினவர் எல்லோரும் அப்புறம்தான்.

'போறாளே பொன்னுத்தாயி' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாரதிராஜாவின் 'கருத்தம்மா' 1994-இல் வந்தது. பெண் குழந்தைகளைக் கொல்லும் வழக்கத்தை மையமாக வைத்த படம். அதே பாட்டு மகிழ்ச்சியாக ஒரு முறையும் சோகமாக ஒரு முறையும் வரும். சோகமாக வருவது ஸ்வர்ணலதாவுடையது. அதற்குத்தான் அவருக்குச் சிறந்த பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது, வைரமுத்துவுக்கும் அந்த ஆண்டு இந்தப் படத்துக்காகப் பாடலாசிரியர் விருது. ஊரை விட்டுப் போகிற ஒரு பெண் எதையெல்லாம் விட்டுப்போகிறாள் என்பதைப் பாட்டு ஒவ்வொன்றாகச் சொல்லும். சோறு போட்ட மண், பால் தரும் மாடு, பஞ்சாரத்துக் கோழி. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, வீட்டுச் சாமான்களின் பட்டியல்தான். ஆனால் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன ஒவ்வொரு பெண்ணிடமும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர்களிடமும், துபாய்க்கு விமானம் ஏறிய ஆண்களிடமும்கூட இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஒருவருக்காக நடந்த விருந்தில் எங்களிடம் இந்தப் பாட்டைக் கேட்டார்கள். நாங்கள் தயங்கினோம். பயணம் கிளம்பும் நேரத்தில் ஒப்பாரி போல இருக்கிறதே என்று. போகப்போகிறவரே வந்து, "பாடுங்கண்ணே, இதுதான் எனக்கு வேணும்" என்றார்.

அந்தப் பாட்டின் ஒலிப்பதிவில் அவர் உடைந்து அழுதுவிட்டார் என்ற கதையை ரசிகர்கள் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மற்ற பாடகர்களைப் பற்றி நூறு கதை உண்டு. இவரைப் பற்றிக் கையில் இருப்பது இப்படி ஒன்றிரண்டுதான். அதனால் அதைத் தங்கள் வீட்டுக் கதை போலப் பாதுகாக்கிறார்கள்.

இறந்தபிறகு பாட்டுகள் மாறின. இதைக் கவனிக்காமல் உங்கள் கேள்விக்குப் பதில் முழுமையாகாது. 'அலைபாயுதே' படத்தில் 'எவனோ ஒருவன் வாசிக்கிறான்' வந்தபோது அது பிரிந்திருக்கும் காதலியின் பாட்டு. எங்கோ கேட்கும் புல்லாங்குழலுக்காகக் காத்திருக்கும் பெண். 2010-க்குப் பிறகு அதையே கேட்கும் ரசிகருக்கு, மூச்சுக்குத் திணறிப் போன ஒருத்தி மூச்சால் வாசிக்கும் கருவியைப் பற்றிப் பாடியதாகக் கேட்கிறது. 'போறாளே பொன்னுத்தாயி' அவருக்கே பாடிய வழியனுப்புதல் ஆகிவிட்டது. எழுதியவர் நினைக்காத அர்த்தம், பாடியவரும் நினைத்திருக்க முடியாது. கேட்பவர்கள் சேர்த்துக்கொண்டது. உங்கள் அம்மா கலங்குவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும். தன் இருபது வயது, பாடியவளின் முப்பத்தேழு வயது இரண்டும் ஒரே பாட்டில் வந்து நிற்கும்போது எதற்காக அழுகிறோம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தன்னைவிட ஒரு சில வயதே மூத்தவள் போய்விட்டாள், நான் இருக்கிறேன் என்ற எண்ணமும் ஓரமாக இருக்கும்.

ஆனால் ரசிகர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. ஏப்ரல் 29 பிறந்தநாளுக்கும் செப்டம்பர் 12 நினைவுநாளுக்கும் எல்லோரும் போடுவது அதே நாலைந்து அழுகைப் பாட்டுகள். அவரை ஒரு சோகச் சித்திரமாக மாட்டி மாலை போட்டுவிட்டார்கள். 'முக்காலா முக்காபுலா'வில் மனோவோடு இந்தியா முழுக்க ஆட வைத்த குரலும் இதுதான். 'உசிலம்பட்டி பெண்குட்டி', 'குச்சி குச்சி ராக்கம்மா', 'அக்கடான்னு நாங்க' எல்லாம் அவர்தான். கொடை விழா இரவில் எங்கள் நிகழ்ச்சி வரிசையே அவரை வைத்துத்தான் ஓடும். பத்து மணிக்குக் கூட்டம் நெருக்கியடிக்கும்போது 'ஆட்டமா தேரோட்டமா'. இளவட்டங்கள் மேடைக்கு முன்னால் புழுதி கிளப்புவார்கள். ஒரு மணிக்குமேல் பிள்ளைகள் பாயில் தூங்கிவிட, பெண்கள் மட்டும் விழித்திருக்கும் நேரத்தில் 'மாலையில் யாரோ'. இரண்டும் ஒரே ஆள் பாடியது என்று அறிவிப்பாளர் சொன்னால் கூட்டத்தில் நம்பமாட்டார்கள். ரசிகர்கள் 'ஹம்மிங் குயின்' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். பட்டம் பொருத்தம்தான், ஆனால் பாதி ஆளைத்தான் சொல்கிறது.

'ராக்கம்மா கையத்தட்டு' இன்னும் வேடிக்கை. 2002-இல் பி.பி.சி. உலகச் சேவை தன் 70-ஆம் ஆண்டையொட்டி உலகின் சிறந்த பாட்டு எது என்று நேயர்களிடம் வாக்குக் கேட்டபோது அது நான்காவது இடத்துக்கு வந்தது. ராஜா பேர், ரஜினி பேர், எஸ்.பி.பி. பேர் எல்லாம் அதோடு சேர்த்துப் பேசப்பட்டன. நடுவில் தாளம் அடங்கி, அப்பரின் 'குனித்த புருவமும்' தேவாரம் ஒரு பெண் குரலில் எழும் இடத்தில் பாட்டின் உயரமே மாறும். அந்தப் பெண் குரலின் பெயரைச் சொன்னவர்கள் அப்போது குறைவு. சினிமாப் பாட்டே கேட்காத எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்த இடம் வரும்போது மட்டும் கையெடுத்துக் கும்பிடுவார். மறுபடி தாளம் தொடங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள், அம்மாவுக்குப் பரிசாக ஒரு பாட்டு வரிசை போட்டுத் தரவேண்டும் என்று. இணையத்தில் கிடைக்கும் 'ஸ்வர்ணலதா ஹிட்ஸ்' தொகுப்புகளை அப்படியே எடுக்காதீர்கள். சித்ரா, சுஜாதா, மின்மினி பாடியவை எல்லாம் கலந்து கிடக்கும். படத்தின் ஒலிநாடா உறையில் உள்ள பெயரோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை அம்மாவே சொல்வார். அதிகம் பேசப்படாதவற்றை நீங்கள் சேருங்கள். 'அமைதிப்படை'யில் மனோவோடு பாடிய 'சொல்லிவிடு வெள்ளி நிலவே', 'முதல்வன்' படத்தின் 'உளுந்து விதைக்கையிலே', 'அல்லி அர்ஜுனா'வில் எஸ்.பி.பி.யோடு 'சொல்லாயோ சோலைக்கிளி'. 'உயிரே' படத்தின் 'பூங்காற்றிலே'வையும் வையுங்கள். அது உன்னி மேனன் பாட்டு. கண்ணில் வலி இருந்தால் கனவு வராது என்று வரும் சில வரிகள் மட்டும்தான் இவருக்கு. ஆனால் அதைக் கேட்ட பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சில வரிகள்தான். இதைச் சின்ன ஸ்பீக்கரில் போடாதீர்கள், ஹெட்போன் கொடுங்கள். நடுநடுவே ஆட்டப் பாட்டுகளையும் சேருங்கள். பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டால் அம்மாவுக்குக் கேசட் கணக்கு புரியும்.